மூட்டைப்பூச்சியும் கழுத்து திரும்பிய வாத்தும்

என் சகலையை உலகத்தில் பல பேருக்குத் தெரியும். ஆனால் அவர்களில் ஒருவருக்கும் அவர் முகம் தெரியாது. முகம் தெரிந்த எங்களுக்கோ, அவர் என்னதான் செய்கிறார் என்பது வெகு நாள் வரை புரியவில்லை.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா கணவர். பேருந்து நிலையத்தில், பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருள்களை வைத்திருக்கும் அறைக்குப் பொறுப்பாளர். குடைகள், ஒற்றைச் செருப்புகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒருமுறை ஒரு பல்செட்டு. பல்செட்டைத் தேடி யாரும் வரவில்லை; வெட்கமாக இருந்திருக்கும், அல்லது வந்து கேட்டும் சொன்னது விளங்காமல் போயிருக்கும். அந்த வேலை முடிந்தால் மனிதர் நேரே கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவார். அங்கே இன்னொரு வேலை. அதற்குச் சம்பளம் கிடையாது.

"சும்மா இருக்குற நேரத்துல சும்மா இருக்க உங்களுக்கு வரவே வராதா சகல?" என்று கேட்டிருக்கிறேன்.

"சும்மாதான் சகல இருக்கேன். மூட்டை பிரிச்சுக்கிட்டு" என்பார்.

அந்த மூட்டைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். யார் யாரோ எங்கெங்கோ உட்கார்ந்து கணினிக்கான நிரல்களை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், திறந்து பாருங்கள், மாற்றிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுகிறார்கள். அவற்றையெல்லாம் ஒன்று சேர்த்து, ஒன்றோடொன்று சண்டை போடாமல் பார்த்து, ஒரே தொகுப்பாக ஊருக்கு இலவசமாகக் கொடுக்கும் தன்னார்வக் கூட்டம் ஒன்று உண்டு. சகலை அதில் ஒருவர். இப்போது, நிரல் எழுதுகிறவர் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. படம் திறக்க ஒருவர் எழுதி வைத்தது, வளைவு போட இன்னொருவர் எழுதி வைத்தது என்று எடுத்துச் சேர்த்துக்கொள்வார். அப்படி எடுக்கும் துண்டுக்கு லைப்ரரி என்று பெயர். உள்ளே ஒரு புத்தகமும் கிடையாது, நான் கேட்டுவிட்டேன்.

தொகுப்பில் ஒவ்வொரு லைப்ரரியும் ஒன்றே ஒன்று இருக்க வேண்டும், எல்லா நிரல்களும் அதையே பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்பது கூட்டத்தின் சட்டம். ஆனால் நிரல் எழுதுகிறவர்களில் சிலர், எதற்கு வம்பு என்று அதன் நகலைத் தங்கள் நிரலுக்குள்ளேயே மூட்டை கட்டி வைத்து அனுப்பிவிடுவார்கள். இரண்டு நாள் தங்க வரும் விருந்தாளி தன் வாளி, தன் விளக்குமாறு, தன் கதவு, தன் சன்னல் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வருவது மாதிரி. பத்து விருந்தாளி வந்தால் வீட்டில் பத்து வாளி. பிறகு அந்த வகை வாளியில் ஓட்டை இருப்பது தெரிய வந்தால், யார் யார் மூட்டைக்குள் அது இருக்கிறது என்று தேடி மாய வேண்டும். கணினியில் ஓட்டை என்பது தண்ணீர் ஒழுகும் ஓட்டை இல்லை, திருடன் நுழையும் ஓட்டை. அதனால் சகலை எல்லா மூட்டைகளுக்குள்ளும் புகுந்து நகல்களைப் பிடுங்கி எறிவார். என் மனைவி அவருக்கு மூட்டைப்பூச்சி என்று பெயர் வைத்தாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கூட்டத்தில் தன் பெயருக்குப் பக்கத்தில் அதன் படத்தையே போட்டுக்கொண்டார்.

இதோடு நின்றிருந்தால் எங்களுக்கு என்ன வந்தது? மேல்வீட்டில் அவர்கள், கீழ்வீட்டில் நாங்கள். மனிதர் அந்தச் சட்டத்தை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தார். இரண்டு வீட்டுக்கும் ஒரே ஏணி என்றார், சரி. ஒரே சுத்தியல், சரி. ஒரே டார்ச், ஒரே காய்ச்சல்மானி. பிறகு இரண்டு வீட்டுக்கும் ஒரே கம்பெனி டிவியாக வாங்க வைத்தார், ஒரு ரிமோட் போதும் என்பதற்காக. மேலே சத்தத்தைக் கூட்ட வேண்டுமென்றால் நான் ரிமோட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டும். கடைசியாக நகவெட்டி. வாசல் கதவுக்குப் பின்னால் ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்டார்.

"இது என்ன சகல அநியாயம்? நகம் வெட்ட வாசலுக்கு வரணுமா?"

"யோசிச்சுப் பாரு சகல. மழுங்கிப் போச்சுன்னா ஒண்ணை மட்டும் மாத்தினா போதும். ரெண்டு வீட்டுக்கும் ஒரே நேரத்துல கூர் வந்துடும்."

அவர் முகத்தில் தெரிந்த ஆனந்தத்தைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

கூட்டத்தில் அவருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. மூட்டையைப் பிரிக்காதீர்கள், இதற்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று யாராவது கேட்டால் முடிவு சொல்ல ஒரு குழு இருக்கிறது. மூன்று பேர். ஒருவருக்கு இரட்டைக் குழந்தை பிறந்ததிலிருந்து ஆளையே காணோம். இரண்டாவது குழந்தை தேவையற்ற நகல் என்று சகலை எழுதாமல் இருந்ததே பெருந்தன்மை. இன்னொருவர் சண்டை என்றால் கணினியை அணைத்துவிடும் சுபாவம். ஆக, குழு என்றால் சகலைதான். யார் எவ்வளவு கெஞ்சி எழுதினாலும் பதில் ஒன்றுதான்: "காரணம் போதாது. மறுக்கப்படுகிறது." அதை அடிப்பதற்கென்றே விசைப்பலகையில் ஒரு விசையை ஒதுக்கி வைத்திருந்தார்.

இனி கடைக்கு வருகிறேன். அக்காவும் தங்கையும் சேர்ந்து எம்பிராய்டரி கடை நடத்துகிறார்கள். அக்கா என்றால் சகலையின் மனைவி. நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தங்கை என் மனைவி. நான் அங்கே இஸ்திரி போடுபவன், துணி கொண்டுபோய்க் கொடுப்பவன், யார் மேலாவது கோபம் வந்தால் திட்டு வாங்குபவன். மெஷின் ஊசியை எங்கே குத்த வேண்டும் என்று சொல்வது கணினியில் இருக்கும் ஒரு நிரல். காசு கொடுத்து வாங்க வசதியில்லாத காலத்தில் சகலைதான் தன் தொகுப்பைப் போட்டு, அதிலிருந்த எம்பிராய்டரி நிரலையும் காட்டிக் கொடுத்தார். கடை நடப்பதே அதனால்தான். இதை மறுத்தால் எனக்கு நல்ல சாவு வராது.

அந்த வாரம் நீச்சல் கழகத்திலிருந்து பெரிய ஆர்டர் வந்திருந்தது. சனிக்கிழமை போட்டி தொடக்கம். வீரர்கள் எல்லோரும் நெஞ்சில் ஒரு வாத்து பொறித்த மேல்சட்டையோடு அணிவகுத்து வர வேண்டும். கழகச் செயலாளர் கறாரான மனிதர். நன்றாக வந்தால் இனி எல்லாப் போட்டிக்கும் உங்கள் கடைதான், இல்லாவிட்டால் தெருமுனைப் பெரிய கடைக்குப் போய்விடுவேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். தெருமுனைப் பெரிய கடை வந்ததிலிருந்து எங்களுக்கு வாடிக்கை பாதியாகிவிட்டது. இந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் கடையை மூடுவதைத் தவிர வழியில்லை என்று அக்கா என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சகலை விசிலடித்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்தார். மனிதர் விசிலடித்தால் எங்கோ ஒரு மூட்டை பிரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

"மாட்டிக்கிச்சு சகல! நம்ம எம்பிராய்டரி நிரல் இருக்கே, அதுக்குள்ள யாருக்கும் தெரியாம ஒரு வளைவு லைப்ரரி ஒளிஞ்சிருந்துச்சு. இத்தனை வருஷமா என் மூக்குக்குக் கீழயே! பிடுங்கிட்டேன். இப்ப அது பொது லைப்ரரியத்தான் கூப்பிடுது. கடைக் கணினியிலயும் மாத்திட்டேன்."

"அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு?"

"இப்பவும் ஓடுது. திறந்து பாத்தேன், திறக்குது. மூடிப் பாத்தேன், மூடுது."

கதவைச் சோதிப்பது போலச் சோதித்திருக்கிறார். வாத்தைத் தைத்துப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை மெஷின் ஓட ஆரம்பித்தது. வயிறு அழகாக வந்தது. வால் வந்தது. கழுத்து வரும் இடத்தில் ஊசி ஒரு நொடி தயங்கிற்று, பிறகு மனதை மாற்றிக்கொண்டு பின்பக்கமாகத் திரும்பிற்று. முடிந்ததும் துணியை எடுத்துப் பார்த்தோம். வாத்து தன் வாலைத் தானே கொத்திக்கொண்டிருந்தது. அடுத்த சட்டையில் அலகு முதுகில் முளைத்திருந்தது. அதற்கடுத்ததில் கழுத்தே முடிச்சுப் போட்டுக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் தூங்கும் என் மாமனாரைப் போல இருந்தது. நான் சிரித்துத் தொலைத்தேன். அக்கா பார்த்த பார்வையில் இஸ்திரிப் பெட்டி தானாகச் சூடாகியிருக்கும்.

சகலையை வரவழைத்தார்கள். மனிதர் மூன்று வாத்துகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாமா, இதுக்குக் கழுத்து எங்க மாமா?" என்றாள் என் மனைவி.

"இருக்கே. உள்ளதான் இருக்கு."

"என்னங்க, பழசையே திருப்பிப் போட்டுடுங்க" என்றார் அக்கா. குரல் நிதானமாக இருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"அதெப்படிம்மா? பழசுக்குள்ள இருக்குற நகல் ரொம்பப் பழசு. அதுல ஒரு ஓட்டை இருக்கு. பொது லைப்ரரில அத நான் போன மாசம்தான் அடைச்சேன். பழசைப் போட்டா திருடன் உள்ள வருவான்."

"வரட்டும்! வந்து வாத்தத் தூக்கிட்டுப் போகட்டும்! எனக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள சட்டை வேணும்!"

"நீ சொல்றது புரியுது. ஆனா ஊர்ல எல்லாருக்கும் முடியாதுன்னு சொல்லிட்டு, என் வீட்டுக்கு மட்டும் மூட்டையோட ஓட்டிக்கிறதா? ஊருக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயமா? முறைப்படி விலக்குக் கேட்டு எழுதுறேன். கெடைச்சதும் போட்டுத் தரேன்."

அக்கா தலையாட்டினார். உலகத்தில் யாராவது தன் பெண்டாட்டி கடைக்காக விலக்குக் கேட்கும்போது, கொடுக்கிற இடத்திலும் தானே உட்கார்ந்திருந்தால் அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அன்று சாயங்காலம் சகலை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்தார்.

"மறுத்துட்டாங்க."

"யாரு?"

"குழு."

"குழுன்னா யாரு?"

"நான்தான்."

சகலையே விளக்கினார்.

"நான் ரொம்ப உருக்கமாத்தான் எழுதினேன். அப்புறம் குழுவில உக்காந்து படிச்சுப் பாத்தேன். வாத்து சரியா வரலைன்னு மட்டும்தான் எழுதியிருக்கு. ஏன் வரலைன்னு எழுதல. எந்த லைப்ரரில என்ன குறைன்னு எழுதல. அத எப்படி ஒத்துக்க முடியும்? காரணம் போதாது."

"நீங்க எழுதினதுதானே, சேத்து எழுத வேண்டியதுதானே!" என்று நான் கத்திவிட்டேன்.

"ஏன்னு எனக்கே தெரியலையே சகல."

நான் எத்தனையோ முட்டாள்களைப் பார்த்திருக்கிறேன். நானே ஒருவன். ஆனால் தன் மனுவைத் தானே தள்ளுபடி செய்துவிட்டு, அதற்காக மனம் உடைந்துபோய் நிற்கும் மனிதரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பாவமாகவும் இருந்தது, நாலு சாத்து சாத்த வேண்டும் போலவும் இருந்தது.

அக்கா எழுந்தார். ஏணியை எடுத்தார், என்னைத் தூக்கச் சொன்னார். சுத்தியல், டார்ச், காய்ச்சல்மானி, ரிமோட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டார். வாசல் கதவுக்குப் பின்னாலிருந்து நகவெட்டியை நூலோடு அறுத்து எடுத்தார். எல்லாவற்றையும் கடை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"எல்லாம் ஒண்ணே ஒண்ணுதானே இருக்கு. ரொம்ப வசதியாப் போச்சு" என்றார். "வாத்துக்குக் கழுத்து வந்தா இதெல்லாம் வீட்டுக்கு வரும். அது வரைக்கும் நான் கடையிலதான் சாப்பிடுவேன். உங்க குழுவோட நீங்க சாப்பிடுங்க."

ஒன்றே ஒன்று வைத்துக்கொள்வதில் என்ன ஆபத்து என்பது இரண்டு வீட்டுக்கும் உடனே விளங்கிற்று. டிவியில் ஒருவர் பூச்சிமருந்தைப் பற்றி உரக்கப் பேசிக்கொண்டே இருந்தார், குறைக்க முடியவில்லை. மேலேயும் அவரே பேசினார். வெட்டலாம் என்று விட்டிருந்த என் கால் கட்டைவிரல் நகம் காலுறையைக் கிழித்தது. சகலையோ புத்தம் புதிய காரணங்கள் எழுதி வேளைக்கு ஒருமுறை விலக்குக் கேட்டார், வேளைக்கு ஒருமுறை மறுத்தார். ஒரு தடவை மறுப்பில் கொஞ்சம் கடுமையாகவே எழுதிவிட்டதாக வருத்தப்பட்டார். சட்டைகள் மடித்தபடி மேசையில் இருந்தன. செயலாளர் போன் செய்யும்போதெல்லாம் என் மனைவி, "ஓடிக்கிட்டே இருக்குங்க" என்று பொய் சொன்னாள்.

புதன்கிழமை மதியம் நான் பேருந்து நிலையத்தில் சகலையின் அறைக்குப் போயிருந்தேன். அக்கா அவருக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பியிருந்தார். பேச்சு இல்லை, ஆனால் சாப்பாடு உண்டு. அப்போது ஒரு பெரியவர் குடையைத் தேடி வந்தார். கறுப்புக் குடை, வளைந்த பிடி, இன்ன கம்பெனி என்றார். சகலை உள்ளே போய் அப்படியே ஒன்றை எடுத்து வந்து நீட்டினார்.

"இது இல்லீங்க."

"நீங்க சொன்ன அதே கம்பெனி, அதே பிடிங்க."

"அதேதான். ஆனா என்னுது இல்ல. என்னுதுல ஒரு கம்பிய நானே வளைச்சு வெச்சிருக்கேன். என் வீட்டம்மா குள்ளம். பக்கத்துல நடந்தா அந்தக் கம்பி அவ கண்ணுக்கு நேரா வரும். அதான்."

சகலை மறுபடி உள்ளே போனார். குடை ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. கடைசியில் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். ஒரு கம்பி மட்டும் மேல்நோக்கி வளைந்திருந்தது. பெரியவர் நன்றி சொல்லிப் போய்விட்டார். சகலை அந்த முதல் குடையைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"சகல, சாப்பாடு ஆறுது" என்றேன்.

"அந்த நகல நான் திறந்தே பாக்கல சகல" என்றார். "பேரு ஒண்ணா இருந்துச்சு. அதனால ஒண்ணுதான்னு நெனச்சுப் பிடுங்கிட்டேன்."

சாப்பிடாமல் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்துத் திறந்தார். தூக்கி எறிந்த நகலையும், அதே வயதுள்ள பழைய பொது லைப்ரரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டார். நான் அவருக்கான சாப்பாட்டில் பாதியைச் சாப்பிட்டு முடித்த நேரத்தில், "இதோ" என்றார். ஒரே ஒரு வரி. நிரல் எழுதியவர் தன் நகலில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றியிருந்தார். வளைவு மிகவும் நெருக்கமாகத் திரும்பும்போது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்லும் வரி. ஓட்டை இருந்த இடம் வேறு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

"அப்ப இந்த வரிய உங்க பொது லைப்ரரிலயே மாத்திட வேண்டியதுதானே?" என்றேன். அதை முதலில் எழுதியவர் எப்போதோ கைகழுவிவிட்டுப் போய்விட்டார், வருடக்கணக்காக அதைப் பார்த்துக்கொள்வது சகலைதான் என்பது எனக்குத் தெரியும்.

"காரணம் தெரியாம எப்படி மாத்துறது?" என்றார் மூட்டைப்பூச்சி. என் கையில் சாம்பார்க் கரண்டி இல்லாதது அவர் அதிர்ஷ்டம்.

ஆனால் இந்தத் தடவை ஒரு நல்ல காரியம் செய்தார். எம்பிராய்டரி நிரலை எழுதியவருக்கே கடிதம் போட்டார். ஐயா, இந்த வரியை ஏன் மாற்றினீர்கள், மாற்றிய நீங்கள் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டார். கொஞ்சம் குத்தலாகத்தான் எழுதினார். பதில் அன்றே வந்தது. சகலை அதைப் படித்தார். முகம் சுண்டிப் போயிற்று. என்னிடம் காட்டினார்.

நிரல் எழுதியவர் அன்றே சொல்லித்தான் இருக்கிறார். பல வருடங்களுக்கு முன்னால், அந்த வரியையும் எழுதி, "கொக்கின் கழுத்து சரியாக வரவில்லை, இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பியிருக்கிறார். அதற்குக் கிடைத்த பதிலையும் கீழே ஒட்டியிருந்தார்: "காரணம் போதாது. மறுக்கப்படுகிறது." அதற்குப் பிறகுதான் அவர் வேறு வழியில்லாமல் லைப்ரரியை நகலெடுத்து, திருத்தி, தன் நிரலுக்குள் மூட்டை கட்டி வைத்துக்கொண்டாராம். கடைசியில் மரியாதையாக ஒரு வரி: "அந்த மூட்டைப்பூச்சிப் படம் போட்டவர் இன்னும் அங்கே இருக்கிறாரா?"

ஆக, சகலை இத்தனை வருடம் துரத்திக்கொண்டிருந்த மூட்டையைக் கட்ட வைத்ததே சகலைதான். நான் சிரிக்கத் தயாராக வாயைத் திறந்தேன். அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் தான் செய்தது தவறு என்று சொல்லி நான் கேட்டதில்லை. சுத்தியலைத் தன் விரலில் போட்டுக்கொண்டபோதுகூட ஆணியைத்தான் குறை சொன்னார்.

அன்று சாயங்காலம் கூட்டத்தில் இருக்கும் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதினார். இந்த வரியை இவர் அன்றே கொடுத்தார், நான் படித்துப் பார்க்காமல் மறுத்தேன், தவறு என்னுடையது, இப்போது அவர் பெயரிலேயே சேர்க்கிறேன் என்று. எழுதிவிட்டு அனுப்பும் பொத்தானை அழுத்தாமல் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார், ஊசி போட்டுக்கொள்கிறவரைப் போல. எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். "போ சகல" என்றார்.

சேர்த்துவிட்டால் முடிந்ததா? பொது லைப்ரரியில் ஒரு வரி மாறினால், அதைக் கூப்பிடும் எல்லா நிரல்களும் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இந்தத் தடவை திறந்து மூடினால் போதாது என்று அவரே சொன்னார். வியாழக்கிழமை குடும்பமே உட்கார்ந்தது. என் மனைவிக்கு வரைபட நிரல். ஆறுகள் திசை மாறாமல் ஓடுகின்றனவா என்று பார்த்தாள். சகலைக்கு எழுத்துரு செய்யும் நிரல். எனக்குக் கிடைத்தது, போட்டோவில் இருப்பவர்களுக்கு மீசை வரையும் நிரல். அப்படி ஒன்றை ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார், அதை இன்னொரு மனிதர் தொகுப்பில் சேர்த்திருக்கிறார். நான் வீட்டில் உள்ள எல்லோருக்கும் எல்லா வகை மீசையும் வைத்துப் பார்த்தேன். முறுக்கு மீசை முன்பு ஒரு பக்கம் உடைந்து தொங்குமாம். இப்போது இரண்டு பக்கமும் ஜம்மென்று நின்றது. அதைச் சொன்னபோது சகலை துள்ளிக் குதித்தார்.

"பாத்தியா சகல! ஒரே இடத்துல சரிபண்ணினோம், கழுத்தும் வந்துச்சு, மீசையும் வந்துச்சு! இதுக்குத்தான் பொது லைப்ரரி!"

"இன்னும் கழுத்து வரலைங்க" என்றார் அக்கா, வாசலில் நின்றபடி.

எல்லோரும் கடைக்குப் போனோம். அக்கா ஒரு சட்டையை மாட்டி மெஷினை ஓடவிட்டார். வயிறு வந்தது. வால் வந்தது. கழுத்து வரும் இடத்தில் ஊசி ஒரு நொடி தயங்கிற்று. சகலை என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் நகம் என் கையில் குத்திற்று, அவருக்கும்தான் வளர்ந்திருந்தது. ஊசி முன்பக்கமாகத் திரும்பி, வளைந்து, மேலேறி, தலையைப் போட்டு, அலகை வைத்து, கண்ணைக் குத்தி நின்றது. வாத்து நேராகப் பார்த்தது. அக்கா துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். என் மனைவி, "அக்கா, சட்டையில படப்போகுது" என்று சொல்லிக்கொண்டே தானும் அழுதாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சட்டைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கெட்டுப்போன மூன்றும் தவறுதலாகக் கட்டுக்குள் போய்விட்டன. செயலாளர் அதில் ஒன்றை விரித்து வெகு நேரம் பார்த்தார். எனக்கு உயிர் போய் வந்தது.

"இது பலகையிலேருந்து குட்டிக்கரணம் போட்டுக் குதிக்கிறவங்களுக்கா?" என்றார்.

"ஆமாங்க" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக நான் எதற்கும் பதில் சொன்னதில்லை.

"யோசனையெல்லாம் பலமா இருக்கே. அடுத்த போட்டிக்கும் நீங்களே செஞ்சுடுங்க."

அலமாரி திறந்தது. ஏணி வந்தது, டார்ச் வந்தது, ரிமோட் வந்து பூச்சிமருந்துக்காரரை வாயடைத்தது. நகவெட்டி மட்டும் வரவில்லை. சகலை போய்க் கேட்டார்.

"எழுதிக் குடுங்க" என்றார் அக்கா.

நகம் வளர்ந்து விசைப்பலகையில் தப்புத் தப்பாக அடிக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். அக்கா படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"காரணம் போதாது."

என் மனைவி சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழப் பார்த்தாள். சகலை மாடியேறிப் போனார்.

சில நாள் கழித்து ஏதோ ஒயர் எடுக்க அவருடைய கணினிப் பையைத் திறந்தேன். உள்ளே, மூலையில், கைக்குட்டையில் சுற்றி, புத்தம் புது நகவெட்டி ஒன்று இருந்தது. வாசலில் நூலில் பழைய நகவெட்டியும், அதே கம்பெனி, மறுபடி தொங்க ஆரம்பித்திருந்தது. ஆக, வீட்டில் இரண்டு. ஊரார் மூட்டையையெல்லாம் பிரித்த மனிதரின் மூட்டைக்குள் ஒரு நகல். நான் அதை எடுத்து அவர் மூக்குக்கு நேரே ஆட்டினேன்.

"என்ன சகல இது?"

"அது அவ வாங்கிக் குடுத்தது" என்றார். காது சிவந்துவிட்டது. "விலக்கு வாங்கிட்டேன்."

"ஒருதடவை மறுத்தாங்களே. ரெண்டாவது தடவை என்ன காரணம் எழுதினீங்க?"

"காரணம் எதுவும் எழுதல. 'அன்னிக்கு உன் கடைய விட எனக்குச் சட்டம் பெருசாப் போச்சு, தப்புதான்'னு எழுதினேன்."

"அது காரணமே இல்லையே சகல."

"நானும் அதத்தான் சொன்னேன்" என்றார். "அவளுக்கு அது போதுமாம்."